மச்சான் பேரில் நாலு ஏக்கர் நஞ்சை

செங்கல் காளவாய் ஒன்று. அதில் வெந்த கல்லைக் கொண்டே குடவாசல் சாலையில் ஏழு கடைகள். எங்கள் தெருவுக்கும் ஊருக்கும் நடுவில் ஓடுகிற வாய்க்காலின் மேல் ஒரு பாலம். அதற்கு முன்னால் அங்கே கிடந்தது இரண்டு பனைமரத் துண்டு. நெல் காயப்போட ஒரு சிமெண்டுக் களம். குனிந்து நுழைகிற குடிசை இருந்த இடத்தில் நிமிர்ந்து நுழைகிற மாடி வீடு. மூன்று பிள்ளைகளுக்குக் கல்யாணம், மூன்றும் கொட்டகை போட்டு, மைக்செட் கட்டி, வந்தவர்கள் இலையில் மிச்சம் வைத்துவிட்டுப் போகிற அளவுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் உயர்நிலைப் பள்ளியில் வடக்கு பார்த்த ஐந்து அறைகள்.

இவ்வளவையும் கட்டியவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அந்த மூன்றாம் வகுப்பும், நடவுக்குப் போன நாள், அறுப்புக்குப் போன நாள், மாடு மேய்த்த நாள் எல்லாம் போக மிச்சம் இருந்த மூன்றாம் வகுப்பு. என்னைத் தூக்கிவிட யாரும் இல்லை. அப்பா பண்ணையாள். அவருடைய அப்பாவும் பண்ணையாள். எனக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒருவன்கூடக் கல் வீடு கட்டியதில்லை. இதைச் சொன்னால் பீற்றிக்கொள்கிறான் என்பார்கள். சொல்லட்டும். கட்டினேன், அதனால் சொல்கிறேன்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு விழா மலர் போடுகிறார்கள். இப்போதைய தலைமையாசிரியர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர். பள்ளி வரலாறு என்று இரண்டு பக்கம் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். "அரசின் பெருமுயற்சியாலும் ஊர்ப் பொதுமக்களின் ஒத்துழைப்பாலும் இப்பள்ளி தரம் உயர்த்தப்பட்டது" என்று இருந்தது. அதோடு சரி.

"ஊர்ப் பொதுமக்கள்னா யாரு சார்?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தாங்க ஐயா" என்றார்.

எல்லாரும் செங்கல் கொடுக்கவில்லை. எல்லாரும் மிராசுதார் வீட்டுக் கூடத்தில் போய் நிற்கவில்லை. அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பள்ளிக்கூடம் விளங்கும்.

எங்கள் ஊரில் பார்வைக்கு எட்டிய நஞ்சை முழுக்க ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். மிராசுதார் வீடு என்போம். நான் இளவட்டமாக இருந்தபோது கூலிக்காகத் தகராறு, வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுத்ததற்காகத் தகராறு, வரப்பில் செங்கொடி நட்டதற்காகத் தகராறு என்று ஒவ்வோர் அறுப்பும் போலீஸ் காவலோடுதான் நடக்கும். சங்கத்தில் சேர்ந்தவர்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். பத்து நாள் ஆகும் என்றார்கள். எனக்கு மூன்று நாள்.

அப்புறம் கழகத்தின் ஆட்சி வந்தது. ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம், அதற்கு மேல் இருப்பதைச் சர்க்கார் எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் என்று உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் போட்டார்கள். எங்கள் தெருவில் வெடி வெடித்தோம். இரண்டு நாள் கழித்து மிராசுதார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"கையெழுத்தெல்லாம் போடுவியாமேடா. சூட்டிகையான பயன்னு சொன்னாங்க. ஒரு வேலை இருக்கு" என்றார்.

வேலை இதுதான். சட்டத்துக்கு மேல் இருக்கிற நிலத்தைத் துண்டு துண்டாக எங்கள் தெரு ஆட்கள் பேரில் கிரயம் எழுதிவைப்பார். பட்டா அவர்கள் பேரில் இருக்கும். விளைச்சல் அவர் களத்துக்கு வரும். பத்திரம் அவர் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும். பினாமி என்று அதற்குப் பெயர். அந்தப் பெயர்கூட எங்களுக்கு அப்போது தெரியாது. 'இந்த நிலத்தை நான்தான் வாங்கினேன், நான்தான் பயிர் வைக்கிறேன்' என்று தாலுகா ஆபீசில் ஆளுக்கு ஒரு கைநாட்டு வைக்க வேண்டும். ஆட்களை அழைத்துப் போய் வைக்கவைப்பது என் பொறுப்பு. ஆம்பிளைக்கு ஒரு வேட்டி, வீட்டுக்கு ஒரு புடவை, ஒரு மூட்டை நெல். எனக்கு மட்டும் கூட ஒன்று: அவருடைய திடலில் மண் எடுத்துச் செங்கல் அறுத்துக்கொள்ள அனுமதி, அதுவும் வாய்வார்த்தையாக.

என் காளவாய் அப்படித்தான் பிறந்தது. இதை இதுவரை யாரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதை வளர்த்தது என் உழைப்பு, அதில் ஒருவனும் பங்கு கேட்க முடியாது. ஆனால் மண் வந்த வழி அது.

அக்காவின் கணவர், என் மச்சான், பயந்த சுபாவம். தாலுகா ஆபீசில் அவர் கை நடுங்கியது. நான்தான் அவருடைய கட்டைவிரலைப் பிடித்து, மையில் ஒற்றி, காகிதத்தில் உருட்டினேன்.

"ஒண்ணும் ஆவாது மச்சான். நாளைக்கே நெலம் நெசமாவே ஒங்களுதுன்னு ஆனாலும் ஆயிரும்" என்று தைரியம் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

அவர் பேரில் நாலு ஏக்கர் இருபோக நஞ்சை ஏறியது. இப்படி எங்கள் தெருவில் என் வீடு போக முப்பது வீட்டில் பத்தொன்பது வீடு காகிதத்தில் நிலச்சுவான்தார் ஆனது. விடிந்தால் அதே வயலில் அதே கூலி. தெருவில் அதை வைத்து ஒரு கேலிகூட உண்டாயிற்று. களையெடுக்கப் போகும்போது பெண்கள், "இன்னிக்கு யாரு வயல்ல வேலை? ஒன் புருஷன் வயல்லயா, என் புருஷன் வயல்லயா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் போயிற்று. ஆட்சி ஒரு கழகத்திடமிருந்து இன்னொரு கழகத்துக்கு மாறியது. என் காளவாய் ஒன்றுக்கு இரண்டு அடுப்பு ஆயிற்று. பள்ளிக்கூடத்தின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் நான் துணைத் தலைவன். தலைவர் மிராசுதாரின் தம்பி மகன். அவர் கூட்டத்துக்கே வரமாட்டார். அதனால் துணை என்பது சும்மா பேருக்கு.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதுக்குக் குடவாசல் போக வேண்டும். காலையில் வருகிற ஒரே பஸ் அங்கே பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரும். ஊரில் வசதியான வீட்டுப் பையன்கள் சைக்கிளில் போனார்கள், சிலர் வலங்கைமானில் உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டு முடித்த வருஷம் குறுவை நடவில் இறங்குவார்கள். பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

அக்காவுக்கு ஒரே பெண். அந்த வருஷம் அவள் எட்டாவது. வகுப்பில் முதல் மார்க் அவள்தான். "இவ காலு சேத்துல எறங்கக் கூடாதுடா. எறங்குனா நான் ஒன்னத்தான் கேப்பேன்" என்று அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். ஏன் என்னைக் கேட்க வேண்டும்? தெருவில் வசதியாக இருப்பவன் நான் என்பதால் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்தப் பங்குனியில் கல்வி ஆபீசிலிருந்து இரண்டு தாள் வந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் பணம் கொடுக்க இரண்டு வழி வைத்திருக்கிறது, உங்கள் ஊருக்கு எது வேண்டும் என்று சித்திரை முடிவதற்குள் எழுதி அனுப்புங்கள் என்று. அப்போதைய தலைமையாசிரியர் எட்டாம் வகுப்பு அறையில் கூட்டம் போட்டார். பெஞ்சில் ஊர் ஆட்கள், தரையில் எங்கள் தெரு ஆட்கள். நான் பெஞ்சில்.

தலைமையாசிரியர் பொறுமையாக விளக்கினார். முதல் தாளில், பணம் பிள்ளையின் பின்னால் வரும். வருமானச் சான்று வைத்திருக்கிற ஒவ்வோர் ஏழைப் பிள்ளைக்கும் வருஷத்துக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு வந்துவிடும். புத்தகம், உடுப்பு எல்லாம் அதில் அடக்கம். அப்படிப்பட்ட பிள்ளைகள் போதிய அளவு இருந்தால் ஒன்பதும் பத்தும் திறந்துகொள்ளலாம். ஊரிலிருந்து ஒன்றும் கொடுக்க வேண்டாம். இரண்டாவது தாளில், பணம் கட்டடத்துக்கும் வாத்தியார் சம்பளத்துக்கும் வரும். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து படிக்கலாம், சான்று கீன்று ஒன்றும் கிடையாது. ஆனால் புத்தகமும் உடுப்பும் அவரவர் பாடு. அதோடு, ஊர் ஓர் ஏக்கர் நிலத்தைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்து, சுவருக்கு வேண்டிய செங்கல்லையும் கொடுக்க வேண்டும்.

செங்கல் என்ற வார்த்தை வந்ததும் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

நான் எழுந்தேன். "இதுல யோசிக்க என்னங்க இருக்கு? மொதத் தாளுதான். ஏழைக்குன்னு பேரு சொல்லியே வர்ற காசு. எங்க தெருவுல ஏழை இல்லாத வீடு எது? ஒண்ணுமே குடுக்காம வாங்கிக்கலாம்" என்றேன். கைதட்டினார்கள்.

மளிகைக்கடை பாய் மட்டும் மெல்லக் கேட்டார். "ஏழைன்னு எழுதித் தர்றவன் தரலைன்னா அந்தப் புள்ள என்னாங்க பண்ணும்?"

"ஒங்க கடையிலதான் எல்லாக் குடும்பக் கடனும் இருக்கே பாய், நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். அன்றைக்கு என் வாய்க்கு முன்னால் யாராலும் நிற்க முடியவில்லை.

"சரி, மொதல்ல சர்டிபிகேட்டு எத்தனை சேருதுன்னு பாத்துட்டு எழுதிருவோம்" என்று தலைமையாசிரியர் கூட்டத்தை முடித்தார்.

மறு வாரம் முப்பது வீட்டு மனுவையும் நானே கட்டாக எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். கர்ணம் வேலையை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்ட சின்ன வயசுக்காரர், வெளி மாவட்டம். ஊர்க் கதை ஒன்றும் தெரியாது. சிட்டாவைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகப் பார்த்தார். மனுக்களை இரண்டு அடுக்காகப் பிரித்தார். ஓர் அடுக்கு உயரமாக ஆகிக்கொண்டே போனது.

"இது தர முடியுங்க" என்று சின்ன அடுக்கைத் தொட்டார். "இது முடியாது."

"ஏங்க? எல்லாம் கூலி வேலை செய்யிற சனங்க சார்."

"கூலி வேலையா?" சிட்டாவை என் பக்கம் திருப்பினார். "இவருக்கு மூணு ஏக்கர். இவருக்கு அஞ்சு. உங்க மச்சான்னு சொன்னீங்களே, அவருக்கு நாலு ஏக்கர் இருபோகம். எங்கப்பாவுக்கே இவ்வளவு இல்லைங்க. கிஸ்தி வேற ஒரு வருஷம் பாக்கியில்லாம கட்டியிருக்காரு. இவங்களை ஏழைன்னு எழுதினா என் வேலை போயிரும்."

அவர் கிண்டல் பண்ணவில்லை. உண்மையாகவே எங்கள் தெருவைப் பார்த்து மலைத்துப்போயிருந்தார். நான் மனுக்களை வாங்கிக்கொண்டேன். பத்தொன்பது மனு. ஒவ்வொன்றின் அடியிலும் கைநாட்டு. அந்தக் கட்டைவிரல்கள் அத்தனையும் எனக்குத் தெரியும்.

பதினொரு வீட்டுப் பிள்ளைகளை வைத்து ஒன்பதாம் வகுப்பு வராது. இதைச் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நாங்க பணக்காரங்கடா?"

"காயிதத்துலக்கா."

"காயிதத்துல. அந்தக் காயிதம் எப்புடி வந்துச்சு? ஒங்க மச்சான் கையைப் புடிச்சு மையில முக்குனது யாரு?"

"எல்லாருந்தான வச்சாங்க."

"எல்லாரும் ஒன்ன நம்பி வச்சாங்க. ஒனக்குக் காளவா வந்துச்சு. எனக்கு ஒரு பொடவை வந்துச்சு. அது எட்டு மாசத்துல கிழிஞ்சிருச்சு. இப்ப எம்பொண்ணு படிப்பையும் சேத்துக் கிழிச்சுட்டியேடா தம்பி."

மச்சான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வுடு, அவன் என்னா பண்ணுவான்" என்றார். அவர் என் பக்கம் பேசியது அக்கா சொன்னதைவிட எனக்குச் சுருக்கென்று தைத்தது. அக்கா மகள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வெளியே வந்து முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் சும்மா இருக்கிறவன் இல்லை. அன்று சாயங்காலமே தெருவில் எல்லாரையும் கூப்பிட்டேன். 'தாசில்தாரிடம் போவோம். நிலம் எங்களுடையது இல்லை, பினாமி என்று எழுதிக் கொடுப்போம்' என்றேன். பொய்க் கைநாட்டு வைத்தோம் என்று நாமே சொன்னால் நம்மைத்தானே முதலில் பிடித்துப் போவார்கள் என்றார்கள். நியாயம்தான். கூட்டம் கலைகிற நேரத்தில் பின்னால் நின்ற அக்கா குரல் கேட்டது.

"பொய்யின்னு ஏன் சொல்லணும்? நெசம்னே சொல்லுவோமே."

"என்னக்கா சொல்ற?"

"ரெண்டாவது தாளு ஒண்ணு இருக்குன்னு சொன்னியே. ஒரு ஏக்கரு எழுதிக் குடுத்தா சர்டிபிகேட்டே வேணாம்னு. எம்புருஷந்தான் நாலு ஏக்கர் மிராசாச்சே. ஒண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் குடுக்கட்டும். யாரு வந்து இல்லேங்கிறான்னு பாப்போம்."

முதலில் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். எனக்கு மட்டும் உடனே பிடிபட்டுவிட்டது. மிராசுதார் அந்த நிலம் தன்னுடையது என்று வாய் திறந்தால், உச்சவரம்பில் பத்தொன்பது வீட்டு நிலம் அத்தனையும் போகும். வாய் திறக்காவிட்டால், ஓர் ஏக்கர் மட்டும் போகும்.

விதை போட்டது அக்கா. ஆனால் விதை மட்டும் நெல் ஆகாது. மச்சானுக்கு வீட்டை விட்டுக் குடவாசல் போகவே பயம். தெருவில் ஒருவனுக்கும் பத்திர ஆபீஸ் வாசல்படி தெரியாது. பழைய கிரயத்துக்கு நகல் மனு போட்டு வாங்கியவன் நான். சிட்டா எடுத்தவன் நான். சாலையை ஒட்டி, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், பிள்ளைகள் மழையிலும் வந்து போகிற மாதிரி எந்த ஏக்கர் என்று நடந்து பார்த்து முடிவு செய்தவன் நான். தலைமையாசிரியரிடம் போய், "சார், ரெண்டாவது தாளுக்கு எழுதிருங்க. நெலம் எங்க மச்சான் குடுக்குறாரு, செங்கல் நான் குடுக்குறேன்" என்று சொன்னவனும் நான். பாய் கடையில் அதைக் கேட்டுவிட்டு, "சர்டிபிகேட்டு நான் எழுத வேணாமா அப்ப?" என்று கேட்டார். அவருக்கு அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்ட திருப்தி.

செய்தி மிராசுதார் வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு நாள் ஆனது. கூப்பிட்டனுப்பினார். போனேன். கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டிருந்தது. கோபமாகப் பேசவில்லை.

"அந்த நெலம் யாருதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியுங்கய்யா. பட்டாவுல யாரு பேரு இருக்கோ அவருது. நீங்கதான எழுதி வச்சீங்க."

ஊஞ்சல் நின்றது. "வேற எடமே கெடைக்கலியா ஒங்களுக்கு?"

"ஊருல வேற எல்லா எடமும் ஐயா பேருலதான இருக்கு."

அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது போல இருந்தது. "நான்தான் ஒனக்கு இந்த வித்தையெல்லாம் கத்துக் குடுத்தேன், இல்ல?" என்றார். எழுந்து உள்ளே போகிறபோது திரும்பி நின்று சொன்னார்: "திடல்ல இனிமே மண்ணு வெட்டாதப்பா."

அவ்வளவு அமைதியாகச் சொன்னார். பேச்சில் 'டா' போய் 'ப்பா' வந்ததை வீட்டுக்கு வரும் வழியில்தான் கவனித்தேன். என் பிழைப்பு போனதையும் அப்போதுதான் முழுசாக உணர்ந்தேன்.

காளவாயில் அப்போது ஒரு சூளை வெந்து அடுக்கியிருந்தது. இன்னொன்றுக்குப் பச்சைக்கல் அறுத்துக் காய்ந்துகொண்டிருந்தது. வெந்ததை விற்று, வேறு இடம் பிடித்துப் பிழைத்துக்கொள்ளலாம். அல்லது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கலாம். என் பெண்டாட்டி, "நீங்க சொன்னா சொன்னதுதான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்களே, இப்ப என்னா சொல்றீங்க?" என்று கேட்டாள். வெந்ததைக் கொடுத்தேன். பச்சைக்கல்லையும் வண்டியில் ஏற்றி ஆற்றுப் படுகைக்குக் கொண்டுபோய் அங்கே சுட்டு அதையும் கொடுத்தேன். அதில் பாதிக் கல் வழியிலேயே உடைந்தது. அப்புறம் மூன்று வருஷம் அடுத்தவன் காளவாயில் மேஸ்திரியாக நின்றேன். மறுபடி சொந்தமாக அடுப்பு மூட்டியது அதற்குப் பிறகுதான்.

பத்திரம் பதிவு செய்கிற அன்று மச்சான் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். மிராசுதாரின் வேட்டிதானா என்று அக்கா கேலி செய்தாள். அது எப்போதோ போய்விட்டது, இது புதிது. பத்திர ஆபீஸ் வாசலில் மிராசுதாரின் கணக்கப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அதிகாரி பத்திரத்தைப் படித்துவிட்டு, "உங்க சொந்த நிலத்தை நீங்களா விருப்பப்பட்டுப் பள்ளிக்கு தானமா குடுக்குறீங்களா?" என்று கேட்டார். மச்சான் கொஞ்சம் தாமதித்தார்.

"ஆமாங்க. என் சொந்த நெலம்" என்றார்.

மை வந்தது. பழைய வழக்கத்தில் நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

"வுடுறா. நானே வைக்கிறேன்."

அவரே ஒற்றினார், அவரே வைத்தார். நடுங்கவில்லை. வெளியே வந்து காப்பி குடிக்கும்வரை விரலைத் துடைக்காமலே வைத்திருந்தார். அந்தக் காப்பிக்குக் காசு கொடுத்தவனும் நான்தான்.

ஒன்பதாம் வகுப்பு அடுத்து வந்த ஆனியிலேயே கீற்றுக் கொட்டகையில் தொடங்கியது. சுவர் எழும்ப இன்னும் ஒரு வருஷம் ஆனது. அக்கா மகள் முதல் பெஞ்சு. பத்தாவது தேறி, இன்றைக்கு வலங்கைமானில் தபால் ஆபீசில் இருக்கிறாள். அவள் காலில் சேறு படவில்லை என்று சொல்ல முடியாது. லீவு நாளில் நடவுக்குப் போய்த்தான் புத்தகம் வாங்கினாள்.

அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது தாள் எல்லாவற்றையும் சரி பண்ணிவிடவில்லை. பொதுவாய்க்காலைத் திறந்துவிட்டால் தலைமடை வயல்தான் முதலில் குடிக்கும், கடைமடைக்குத் தண்ணீர் பிந்தித்தான் வரும். சைக்கிளில் குடவாசல் போன ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் எங்கள் செங்கல்லுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து படித்தார்கள். மிராசுதாரின் தம்பி பேரனும் அங்கேதான் படித்தான். வரட்டும், பொதுப் பள்ளிக்கூடம். ஆனால் புத்தகமும் உடுப்பும் வாங்க முடியாமல் எங்கள் தெருவில் நின்றுபோன பிள்ளைகள் உண்டு. சான்று கிடைத்திருக்கக்கூடிய பதினொரு வீட்டில் நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒன்பதோடு போய்விட்டார்கள். முதல் தாள் வந்திருந்தால் அவர்களுக்குப் புத்தகம் வந்திருக்கும். ஆனால் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார ஒன்பதாம் வகுப்பு இருந்திருக்காது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். அது ஏழையை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? காகிதத்தைப் பார்த்து என்றால், அந்தக் காகிதத்தை யார் எழுதினார்கள் என்று கேட்பேன். எங்கள் தெருவின் காகிதத்தை எழுதியவர் மிராசுதார். அதில் விரல் பிடித்தவன் நான்.

இனி மலருக்கு வருகிறேன். பள்ளி வாசலில் இருக்கிற கல்லில் மந்திரி பேர் இருக்கிறது. அதற்குக் கீழே 'நிலம் அளித்தவர்' என்று மச்சான் பேர் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு குழி நிலத்தில் சொந்தமாக நாற்று நடாத மனிதர், கல்லில் நிலம் கொடுத்தவர். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் காலமான பிறகு அக்கா ஒவ்வொரு பொங்கலுக்கும் போய் அந்தக் கல்லைத் துடைத்துவிட்டு வருகிறாள். ஆனால் செங்கல் கொடுத்தவன் பேர் எங்கே? செங்கல் பூச்சுக்குள்ளே போய்விட்டால் கொடுத்தவனும் உள்ளே போய்விடுவானா?

தலைமையாசிரியர் அவர்களே, 'ஊர்ப் பொதுமக்களின் ஒத்துழைப்பாலும்' என்ற வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் என் பேரைப் போடுங்கள். செங்கல் கொடுத்தவர் என்று போடுங்கள், காளவாயை இழந்து கொடுத்தவர் என்றும் சேர்த்துப் போடுங்கள். பத்தொன்பது வீட்டு ஆட்களைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போய்க் கைநாட்டு வைக்கவைத்தவரும் இவரே என்று எழுத வேண்டுமானால் அதையும் எழுதுங்கள். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் கேட்டால் அக்கா மலரைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே உங்கள் அறைக்கே வந்துவிடுவாள். யோசனை சொன்னவர் என்று அக்கா பேரையும் போடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் என் பேருக்குக் கீழே.